முருகு சார் கேட்காமல் விட்ட கேள்வி

மதுரைப் பலகையில் முருகு சாரிடம் எந்தச் சந்தேகத்தைக் கேட்டாலும் முதலில் பதில் வராது, கேள்விதான் வரும். கம்ப்யூட்டர் எந்த அறையில் இருக்கிறது? பக்கத்தில் மாவு மில் உண்டா? எலி நடமாட்டம் உண்டா? பூஜை போட்டீர்களா, போட்டால் சந்தனத்தை எங்கே வைத்தீர்கள்? டிஐஆர் என்று அடித்தால் கோப்புகளின் பட்டியல் சரசரவென்று மேலே ஓடிவிடுகிறதே, நிறுத்த வழியுண்டா என்று ஒருவன் கேட்டான். பின்னால் ஒரு ஸ்லாஷும் பி-யும் போடப்பா என்றால் தீர்ந்தது சங்கதி. அவனிடம் போய் உங்கள் கடைக்கு மேலே ஓடா, தகரமா என்று கேட்டால் சிரிக்க மாட்டானா? சிரித்தார்கள். முருகு சாரிடம் கேட்கப் போகிறவர்கள் ஜாதகத்தையும் கையோடு கொண்டுபோங்கள் என்று மெட்ராஸ்கார இன்ஜினியர் ஒருவர் எழுதி, அதுவே ஒரு வாரத்துக்குப் பலகை முழுக்கப் பேச்சாக ஓடியது.

சிரித்தவர்களுக்கு இரண்டு விஷயம் தெரியாது. முருகு சார் என்பது சார் இல்லை, அருப்புக்கோட்டையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த முருகேஸ்வரி. இரண்டாவது, தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஐப்பசி வரைக்கும் அவள் அந்தப் பலகையில் யாரையும் ஒரு கேள்விகூடக் கேட்டவள் இல்லை.

பலகை என்றால் என்ன என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். மதுரையில் ஒரு மனிதர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போன் கம்பியில் மாட்டித் திறந்தே வைத்திருந்தார். மோடம் வைத்திருப்பவர்கள் அந்த நம்பருக்குப் போன் போட்டால், கீச்சுக்கீச்சென்று இரண்டு மிஷினும் பேசிக்கொண்டு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும். படமும் இல்லை, பாட்டும் இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துச் சந்தேகத்தை எழுதிவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும், ஏனென்றால் ஒரே லைன், ஒரு சமயத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். மறுநாள் போன் போட்டால் யாராவது பதில் எழுதியிருப்பார்கள். மொத்தம் அறுபது எழுபது பேர். கடைக்காரர்கள், வாத்தியார்கள், மில் கணக்கர்கள், மெட்ராஸிலிருந்து சில இன்ஜினியர்கள். அதில் முருகு என்ற பெயரில் வரும் பதிலுக்குத்தான் மதிப்பு.

முருகேஸ்வரிக்குச் சொந்த ஊர் பாலவனத்தம். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு எண்பத்தேழில் கல்யாணம் ஆனது, எண்பத்தொன்பதில் அதுவும் முடிந்தது. மாப்பிள்ளை வேறொருத்தியோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான். இவள் பெட்டியோடு தாய் சுப்பம்மாள் வீட்டுக்கு வந்தாள். அதற்கப்புறம் ஊர் அவளைக் கேள்வியாலேயே தின்றது. பஸ்ஸுக்கு நின்றால் ஒரு கேள்வி, குழாயடியில் ஒரு கேள்வி. ஏன் வந்துட்டே? புள்ள இல்லன்னா? அவன் அடிப்பானோ, நீதான் வாய் ஜாஸ்தியோ? பதில் தெரிந்து என்ன செய்யப் போகிறார்கள், அடுத்த வீட்டில் போய்ச் சொல்வார்கள். கேள்வி என்றாலே அவளுக்கு மாராப்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. அதனால்தான் ஊரை விட்டு அருப்புக்கோட்டையில் ஒற்றை அறை பிடித்து, தாயையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அங்கே சௌந்தரபாண்டியன் என்பவர் நடத்திய இன்ஸ்டிடியூட்டில் வேலை. நல்ல மனுஷர், ஆனால் பெருமைக்கு எருமை மேய்க்கிறவர். டவுனில் முதல் கம்ப்யூட்டர் தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று தொண்ணூற்றொன்றில் ஒன்றை வாங்கி, துணி போர்த்தி வைத்துவிட்டார். ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. முருகேஸ்வரி தலையணை தண்டிப் புத்தகத்தையும் அகராதியையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு கட்டளை என்று படித்தாள். காப்பி, டெலீட், ரீநேம், கோளாறு பார்க்கிற செக்டிஸ்க். ஒரு வருஷத்தில் அந்த மிஷின் அவளுக்கு வசமாகிவிட்டது. தொண்ணூற்றுநாலில் சௌந்தரபாண்டியன் மோடம் வாங்கினார். அதையும் துணி போர்த்தித்தான் வைத்திருப்பார், இவள் எடுத்து மாட்டினாள். விடிகாலை ஆறு மணிக்கு முன்னால் போன் கட்டணம் குறைவு என்பதால் ஐந்தரைக்கு வந்து கதவைத் திறந்து பலகைக்குள் போய்விடுவாள்.

முழுப்பெயரைப் போட்டால் அங்கேயும் அந்தக் கேள்விகள் வந்துவிடுமோ என்று பயந்து முருகு என்று மட்டும் போட்டாள். ஊரையும் போடவில்லை. உடனே சார் ஆகிவிட்டாள். 'முருகு சார் சொன்னது போல் அன்டிலீட் போட்டேன், அழிந்துபோன கோப்பு வந்துவிட்டது, கோடி நன்றி' என்று யாரோ கும்பகோணத்திலிருந்து எழுதியிருப்பார். அதைப் படித்துவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகிற அவள் நடையே வேறாக இருக்கும். பாவம், அவளுக்கு வேறு யார் நன்றி சொன்னார்கள்?

பதில் சொல்வதில் அவளுக்கென்று இரண்டு விதி உண்டு. எந்தக் கேள்வியையும் மறுநாளைக்கு வைக்கக் கூடாது. கேட்டவரைத் திருப்பிக் கேட்கக் கூடாது. திருப்பிக் கேட்டால் அந்த ஆள் அதற்குப் பதில் எழுத இன்னொரு எஸ்டிடி கால் போட வேண்டும், அதைப் படிக்க இவள் ஒன்று, ஆக ஒரு சந்தேகம் தீர நாலு நாள் ஆகும் என்பது அவள் சொல்லிக்கொண்ட காரணம். அது நியாயம்தான். ஆனால் மாராப்பு விஷயமும் அதற்குள் இருந்தது. மெட்ராஸ்காரர்கள் எதையும் கேட்காமல் படாரென்று கட்டளையை மட்டும் எழுதுவார்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம் என்று அவள் நம்பியதும் இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள். பலகையில் பதினோரு கேள்வி கிடந்தது. ஒன்பதாவது, விருதுநகரில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருந்த பீர் மைதீன் எழுதியது. தனக்காக அல்ல, திருச்சுழியில் தாலுகா ஆபீஸ் பக்கம் மனு டைப் அடித்துக் கொடுக்கிற தவசி என்ற நண்பருக்காக. தவசியிடம் மோடம் கிடையாது, பூத்திலிருந்து போனில் சொல்லி எழுதச் சொன்னாராம். அவரிடம் உள்ளது பழைய மிஷின், ஒரே ஒரு பிளாப்பி டிரைவ், வேறு சேமிப்பு கிடையாது. பிளாப்பியைப் போட்டால் படிக்க முடியவில்லை என்று மிஷின் சொல்கிறது, மறுபடி பார்க்கவா, விட்டுவிடவா என்று கேட்டுக்கொண்டே நிற்கிறது. என்ன செய்ய? கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. 'அந்த பிளாப்பியில் இருப்பது ரத்தம் கொடுக்கிறவர்கள் பட்டியல். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இரண்டு நகல் பத்திரமாக இருக்கிறது. சார் பார்த்துச் சீக்கிரம் சொல்ல வேண்டும்.'

அந்தப் பட்டியலைப் பற்றித் திருச்சுழிப் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. தவசியின் பெண்சாதி பிரசவத்தில் சாகக் கிடந்தபோது முன்பின் தெரியாத பஸ் கண்டக்டர் ஒருவர் ரத்தம் கொடுத்துப் பிழைக்கவைத்தார். அதிலிருந்து தவசி மூன்று வருஷம் சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போய், யாருக்கு என்ன குரூப் ரத்தம், எங்கே வேலை, எந்த நேரத்தில் எங்கே பிடிக்கலாம் என்று எழுதி வந்து மிஷினில் ஏற்றினார். அவசரம் என்று ஆள் வந்தால் திரையைப் பார்த்து இரண்டு நிமிஷத்தில் நாலு பெயர் சொல்லுவார். எழுதி வந்த சீட்டையெல்லாம் கரையான் தின்றுவிட்டது. பிரிண்டர் கிடையாது. அதனால்தான் ஒன்றுக்கு மூன்றாக பிளாப்பி வைத்திருந்தார்.

முருகேஸ்வரி மணியைப் பார்த்தாள். ஆறுக்குப் பன்னிரண்டு நிமிஷம். பதிலை அடிக்க ஆரம்பித்தாள். முதல் வரியாக அவள் கை அடித்தது இதுதான்: பூஜைக்கு டிரைவ் வாயில் சந்தனம் ஏதும் வைத்தீர்களா?

அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். தொண்ணூற்றிரண்டில் அவர்கள் இன்ஸ்டிடியூட்டிலேயே நடந்த கூத்து அது. ஆயுத பூஜைக்கு அரிவாளுக்கும் வைப்போம், தராசுக்கும் வைப்போம், தையல் மிஷினுக்கும் வைப்போம், கம்ப்யூட்டரை மட்டும் விட முடியுமா? பிள்ளைகள் மானிட்டர் நெற்றியில் ஒரு பொட்டு, டிரைவ் வாயில் ஒரு பொட்டு என்று சந்தனத்தை அப்பிவிட்டார்கள். காய்ந்த சந்தனம் பொடிந்து உள்ளே விழுந்தது. பிளாப்பி என்பது உறைக்குள் சுழலுகிற மெல்லிய தட்டு. அதை ஒரு சின்னத் தலை உரசி உரசிப் படிக்கும். அந்தத் தலையில் ஒரு பொடி ஒட்டினால் போதும், போடுகிற பிளாப்பியையெல்லாம் கீறித் தள்ளிவிடும். அன்றைக்கு இரண்டு பிளாப்பி போனபிறகுதான் மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் விஷயத்தைக் கண்டுபிடித்தான். அதிலிருந்து ஒவ்வொரு பூஜைக்கும் டிரைவ் வாயில் காகிதம் ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

அப்படியிருந்தும் அடித்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதை மெட்ராஸ் இன்ஜினியர்கள் படிப்பார்கள். சந்தனம், குங்குமம், பூஜை. முருகு சார் எந்தப் பட்டிக்காட்டு ஆள் என்று நினைப்பார்கள். தவிர, கேட்டால் அதற்குப் பதில் வர இரண்டு நாள் ஆகும், அவசரம் என்கிறார்களே. ஒரு எழுத்தாகப் பின்னால் வந்து அந்த வரியை அழித்தாள். பிறகு மெட்ராஸ்காரர்களைப் போலவே எழுதினாள். பிளாப்பி பழுது. மூன்று தடவை மறுபடி கொடுத்துப் பாருங்கள். பிறகு செக்டிஸ்க் போடுங்கள். வராவிட்டால் நகல் பிளாப்பியைப் போட்டு உடனே புதிதாக ஒன்று எடுங்கள். அதுவும் வராவிட்டால் இருக்கும் இன்னொரு நகலையும் போட்டுப் பாருங்கள்.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். இது அவசரம்கூட இல்லை, வெட்கம். வெட்கப்படுகிற நேரமா அது?

இரண்டு நாள் கழித்துப் பீர் மைதீன் எழுதியிருந்தார். 'சார் சொன்னபடியே செய்தார். மூன்றும் போய்விட்டது. நன்றி.' அந்த நன்றியைப் படித்ததும் அவளுக்குக் காரித் துப்பிய மாதிரி இருந்தது. பிளாப்பிகளை வேறு மிஷினில் போட்டுப் பார்க்கலாம் என்று எழுதினாள். போட்டார்கள், வரவில்லை. டிரைவைத் துடைத்துவிட்டுப் பாருங்கள் என்று எழுதினாள். துடைத்து என்ன, கீறல் கீறல்தானே. அன்றைக்கும் சந்தனம் என்ற வார்த்தையை அவள் எழுதவில்லை.

தவசி நினைவிலிருந்து நாற்பது பெயரை மறுபடி எழுதி முடித்திருந்தார். அப்போதுதான் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் என்ற இருபத்துமூன்று வயதுப் பெண்ணைத் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது பிரசவம். புருஷன் முகம்மது ரபீக் சவுதியில். பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். அந்தப் பெண்ணின் அண்ணன் திருச்சுழிக்குத் திரும்பி, தவசியின் கடைக்கு ஓடி வந்து நின்றான். தவசியின் நாற்பது பெயரில் அந்த ரத்தம் ஒருவருக்குத்தான் இருந்தது, அந்த ஆள் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திராவுக்குப் போயிருந்தான். பட்டியலில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள் என்பது தவசிக்கு நிச்சயம். பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். மதுரைக்குக் கார் அனுப்பினார்கள். ரத்தத்தோடு கார் பாலவனத்தம் தாண்டுகிற நேரத்துக்கு இங்கே உயிர் போய்விட்டது.

பீர் மைதீன் இதையும் பலகையில் எழுதினார். கோபத்தோடு எழுதவில்லை, பட்டியலை மறுபடி தயார்செய்ய ஆள் தேவை, பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது உதவ வேண்டும் என்றுதான் எழுதினார். முருகேஸ்வரி அதை நாலு தடவை படித்தாள். வீட்டுக்குப் போனதும் சுப்பம்மாள் ஏன் இப்படி இருக்கே என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் திருச்சுழிக்குப் போனாள்.

இன்ஸ்டிடியூட்டில் வேலை, டைப் அடிக்கத் தெரியும், உதவிக்கு வந்தேன் என்றுதான் சொன்னாள். தவசிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒடிசலான ஆள். அவள் சொன்னதைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மிஷினின் டிரைவ் வாயோரத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று பிளாப்பியையும் எடுத்து, உறையில் இருக்கிற நீள ஓட்டை வழியே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்றிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, வட்டமாகக் கீறல் விழுந்திருந்தது. முதலாவதை யார் கெடுத்தார்களோ, மற்ற இரண்டையும் கெடுத்தது தன் பதில்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வாராவாரம் போனாள். தவசி மறுபடி ஊர் ஊராகப் போய் எழுதி வந்த சீட்டைப் படிப்பார், அவள் அடிப்பாள். வேலை நாளில் அருப்புக்கோட்டையில் இருக்கிறவர்களை அவளே தேடிப் போய் எழுதினாள். கேள்வி கேட்கவே கூசினவள், இப்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டாள். என்ன குரூப்? காலையில் எங்கே இருப்பீர்கள்? ராத்திரி கூப்பிட்டால் வருவீர்களா? அப்படித்தான் மார்கழியில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற முத்துப்பேச்சியிடம் போய் நின்றாள். தவசி என்றைக்கோ தன் பெயரை எழுதிக்கொண்டு போனதாக முத்துப்பேச்சி சொன்னாள், மேல்சட்டைக்குள்ளிருந்து ரத்தம் சோதித்த சீட்டை எடுத்துக் காட்டினாள். ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம்.

"அந்தத் துலுக்கப் புள்ள செத்தன்னைக்கி நான் பொழுதன்னைக்கும் இங்கதான தாயி இருந்தேன்" என்றாள் முத்துப்பேச்சி. "என்னைய யாருமே கூப்பிடலையே."

அந்த ஞாயிறு திருச்சுழிக்குப் போய் அவள் முதலில் அடித்தது அந்தப் பெயரைத்தான். தவசி திரையைப் பார்த்தார். இவளா, பஸ் ஸ்டாண்டிலயே இருப்பாளே, எப்படி மறந்தேன் என்று தன் நெற்றியில் அறைந்துகொண்டார். பிறகு டீ வாங்கி வந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, மெக்கானிக் டிரைவைக் கழற்றி உள்ளே சந்தனப் பொடி இருந்ததைக் காட்டினான் என்று சொன்னார். வைத்தது அவர் கைதான். கும்பிட்டு வைத்த பொட்டு.

"பதில் சொன்ன முருகு சார் மேல ஒரு தப்பும் கெடையாதும்மா" என்றார். "அவுக மெட்ராஸ் ஆளு போல. இங்க மிஷினுக்குச் சந்தனம் வப்பாகன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

முருகேஸ்வரியால் அந்த டீயைத் தொட முடியவில்லை. இந்த மனுஷர் இரண்டு மாதமாகப் பழியை ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருக்கிறார், அதோடு அவளுக்கும் சேர்த்து வக்காலத்து வாங்குகிறார். பேசாமல் இருந்திருந்தால் அவளை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் முடியவில்லை.

"தெரியும்ணே" என்றாள். "அந்த முருகு நான்தான். நான் அருப்புக்கோட்டைக்காரி. எனக்குத் தெரியும்."

தவசிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபிறகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா. தோணலையா?"

"தோணுச்சு. அடிச்சேன். அப்புறம் அழிச்சுட்டேன்."

"ஏம்மா அழிச்ச?"

பலகையில் எந்தக் கேள்வியையும் மறுநாளைக்கு வைக்காதவள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மிஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தவசி இரண்டாம் தடவை கேட்கவில்லை.